மீன் குழம்பாகிவிடாத மொஹிங்கா: ஐந்து முயற்சிகளின் நிகழ்வு ஆய்வு

2019 ஜனவரியில் பர்மாவின் யாங்கோன் (பழைய பெயர் ரங்கூன்) சென்றிருந்தபோது நான்கு நாளும் காலையில் மொஹிங்காதான் சாப்பிட்டேன். அரிசி நூடுல்ஸின் மேல் மீன் சூப் ஊற்றித் தரும் பர்மிய உணவு அது. திரும்பி வந்து, அதே சுவையை ராயபுரத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் கொண்டுவர ஐந்து முறை முயன்றேன். முதல் மூன்றும் தோற்றன, நான்காவது பாதி தேறியது. ஐந்தாவது முறை சாப்பிட்டவர்களில் ஒருவர் ரங்கூனில் பிறந்தவர். அவர் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒவ்வொரு முறையும் என்ன போட்டேன், எவ்வளவு நேரம் கொதித்தது, எங்கே பிசகியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இந்த ஆய்வு அந்த நோட்டிலிருந்து எழுந்தது.

வடசென்னைக்காரர்களுக்கு மொஹிங்கா புதிய பெயர் அல்ல. கடற்கரை ரயில் நிலையத்தை அடுத்த செகண்ட் லைன் பீச் பகுதியில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகளில் "மொய்ங்கா" என்று கேட்டால் கிண்ணத்தில் நூடுல்ஸ் போட்டு, வாழைத்தண்டு மிதக்கும் சூப்பை ஊற்றி, பேஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கித் தூவிக் கொடுப்பார்கள். பள்ளி நாளிலிருந்து நான் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன். அந்த நாக்கோடுதான் யாங்கோனுக்குப் போனேன். முதல் கரண்டியிலேயே இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்துவிட்டது. நம் வண்டி மொய்ங்காவில் நான் ஒருநாளும் மீனைக் கண்டதில்லை. அங்கே மீன்தான் எல்லாம்.

இந்த உணவு இங்கே வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். துறைமுகக் கூலியிலிருந்து வட்டித் தொழில்வரை தமிழர்கள் அங்கே இருந்தார்கள். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பெருங்கூட்டம் காட்டு வழியே நடந்து வந்தது. போர் முடிந்தபின் திரும்பிப் போனவர்களையும், போகாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களையும் 1962இல் நே வின் நடத்திய ராணுவப் புரட்சியும் அதன் பின் வந்த தேசியமயமும் பெயர்த்தெறிந்தன. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததில் சேமிப்பும் போனது. கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுக்கு வியாசர்பாடியிலும் பிற இடங்களிலும் குடியிருப்புகள் எழுந்தன. 1969இல் பர்மா பஜார் உருவானது. அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் கைப்பக்குவம்தான் இன்றைக்கு நாம் நின்றுகொண்டே சாப்பிடும் அத்தோவும் மொய்ங்காவும்.

யாங்கோனில் கண்டது

அனவ்ரதா சாலையில், தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோவிலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு நடைபாதைக் கடை. முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலிகள். கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண் ஒருவர் பெரிய அலுமினிய அண்டாவின் முன் உட்கார்ந்திருந்தார். கையால் ஒரு பிடி வெள்ளை நூடுல்ஸை எடுத்துக் கிண்ணத்தில் உதறிப் போட்டார். சுரைக்காய் வடை ஒன்றைக் கத்தரிக்கோலால் கிண்ணத்துக்கு நேர் மேலே நான்காக நறுக்கினார். வேகவைத்த முட்டையையும் அதே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினார். பிறகு சூப், அதன் மேல் கொத்தமல்லி, வறுத்த பூண்டு, இடித்த வரமிளகாய், ஒரு துண்டு எலுமிச்சை. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

சூப்பின் நிறம் மங்கலான பழுப்பு. கரண்டியைத் தூக்கினால் ரசத்தைவிடக் கெட்டி, சாம்பாரைவிடத் தளர்வு. மீன் துண்டு என்று எதுவும் இல்லை. மீன் முழுவதும் உதிர்ந்து சூப்போடு கலந்திருந்தது. கவிச்சி துளியும் இல்லை, ஆனால் வாய் நிறைய மீன். நூடுல்ஸில் லேசான புளிப்பு, நம் பழைய சோற்றில் இருப்பதைப்போல. இந்த நான்கையும் அன்று மாலையே நோட்டில் எழுதினேன்: பதம், உதிர்ந்த மீன், கவிச்சி இல்லாமை, புளிப்பு. இந்த நான்கும் கூடி வரவில்லையென்றால் அது மொஹிங்கா இல்லை என்பதே பின்னால் வந்த ஐந்து முயற்சிகளுக்கும் என் அளவுகோல்.

முதல் மூன்று தோல்விகள்

முதல் முறை காசிமேட்டில் கடல் கெளுத்தி வாங்கினேன். அங்கே கெளுத்திதான் போடுகிறார்கள் என்று கேட்டிருந்தேன். ஆனால் அது ஆற்று, குளத்துக் கெளுத்தி என்பது அப்போது என் மனதில் படவில்லை. வெங்காயம் வதக்கினேன். கை தானாக மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் போனது, மல்லித்தூள் டப்பாவுக்கும் போனது, கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டது. கொதி வந்ததும் கடைசியாக மீன் துண்டுகளைப் போட்டு மூடினேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு நன்றாக இருக்கிறது, சோறு வடித்திருக்கிறாயா?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. அது மீன் குழம்பேதான்.

இரண்டாவது முறை கெட்டித்தன்மைக்காகத் தேங்காய்ப்பால் ஊற்றினேன். சுவையாக இருந்தது, ஆனால் அது வேறொரு பர்மா உணவின் பக்கம் சாய்ந்துவிட்டது. தேங்காய்ப்பாலில் கோழி போட்டுச் செய்யும் ஓனோ காவ்ஸ்வே என்பது தனி உணவு. பர்மிய மொழியில் "ஓனோ" என்றாலே தேங்காய்ப்பால்தான். மொஹிங்காவுக்குத் தேங்காய் தேவையில்லை.

மூன்றாவது முறை கெட்டிப்படுத்துவது கடலை மாவு என்று தெரிந்துகொண்டு, மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கும் சூப்பில் ஊற்றினேன். கட்டி தட்டியது. பச்சை வாடை அரை மணி நேரம் கொதித்தும் போகவில்லை. கூடவே இன்னொரு தவறும் சேர்ந்தது. வாழைத்தண்டை நறுக்கினால் கறுக்காமலிருக்க மோரில் போடுவது நம் வீட்டு வழக்கம். அப்படியே போட்டு, பிழிந்து சூப்பில் சேர்த்தேன். மோரின் புளிப்பு சூப்பில் ஏறிவிட்டது. புளிப்பு இருக்க வேண்டியது நூடுல்ஸில், சூப்பில் அல்ல.

மூன்று தோல்விகளுக்குப் பிறகு, கிடைக்காத ஏதோ ஒரு பொருள்தான் குறை என்று நினைத்தேன். மீன் சாஸ் புட்டி ஒன்று வாங்கி வைத்தேன். எலுமிச்சைப் புல்லை விசாரித்து அலைந்தேன். உண்மையான காரணம் வேறு இடத்தில் இருந்தது.

ஆயா கேட்ட ஒரே கேள்வி

என் நண்பனின் ஆயா வியாசர்பாடி பர்மா குடியிருப்பில் இருக்கிறார். ரங்கூனில் பிறந்து, 1965இல் இருபத்து மூன்று வயதில் கப்பலேறி வந்தவர். அவருடைய கணவர் பல ஆண்டுகள் அத்தோ வண்டி வைத்திருந்தார். நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். நான் போட்ட பொருள்களை எல்லாம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்:

"தம்பி, மீனை எப்போது போட்டாய்?"

"கடைசியில், ஆயா. துண்டு உடையக் கூடாதே என்று."

"குழம்பில் மீன் கடைசியில் போகும். மொஹிங்காவில் மீன்தான் முதலில் போகும். அது உடைவதற்காகவே போடுகிறோம்."

மூன்று மாதத் தவறுக்கு இந்த ஒரு வரி விடை சொன்னது. நான் மாற்ற வேண்டியிருந்தது பொருள்களை அல்ல, சமைக்கும் வரிசையை. நம் குழம்பில் மசாலா கொதித்து முடிந்த பிறகு மீன் விருந்தாளியாக வந்து இறங்கும். மொஹிங்காவில் மீன் முதலில் தண்ணீரில் வெந்து, தன் சாறு முழுவதையும் அந்தத் தண்ணீருக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு சதையை உதிர்த்து, எண்ணெயில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சளோடு வதக்கி மீண்டும் அதே தண்ணீரில் சேர்க்க வேண்டும். தலையையும் முள்ளையும் எறியாமல் இடித்து, தண்ணீர் விட்டு வடிகட்டி, அந்தச் சாற்றையும் ஊற்ற வேண்டும். மல்லித்தூள் கூடாது, புளி கூடாது, கறிவேப்பிலையும் கூடாது.

வண்டி மொய்ங்காவில் மீன் ஏன் இல்லை என்றும் கேட்டேன். "மீன் சூப் அடுப்பின் மேல் சாயங்காலம் முழுவதும் நின்றால் கெட்டுப்போகும். வெள்ளிக்கிழமை மீன் தொடாதவர்கள் எத்தனை பேர் வண்டிக்கு வருவார்கள்! அதனால் மீனை எடுத்துவிட்டோம், தண்டை வைத்துக்கொண்டோம்" என்றார். அதைக் கேட்டபின் வண்டி மொய்ங்காவைக் குறைந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இந்த ஊருக்காகச் செய்துகொண்ட மொய்ங்கா. இரண்டையும் இப்போது தனித்தனி உணவாகத்தான் பார்க்கிறேன்.

அன்று ஆயா தந்த இன்னொரு பாடம் ஙப்பி. மீனையோ இறாலையோ உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுதுக்கு அங்கே அந்தப் பெயர். அரிச்சுவடியில் படித்ததோடு சரி, ங என்ற எழுத்தில் தொடங்கும் சொல்லை அன்றாடப் பேச்சில் நாம் கேட்பதில்லை. ஆயா அதைத் தெளிவாக உச்சரித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஙப்பிக்கு மாற்றாக அவர் சொன்னது சென்னாக்கூனி, அதாவது காயவைத்த பொடி இறால். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, பொடித்து, வதக்கலில் ஒரு தேக்கரண்டி போட்டால் போதும் என்றார். புளிக்கவைத்த விழுதின் ஆழம் இதற்கு வராது, ஆனால் அந்தத் திசையில் நிச்சயம் கொண்டுபோய் விடுகிறது. வாங்கி வைத்த மீன் சாஸையும் உப்புக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

நான்காவது முறை சூப் கூடி வந்தது. மீனையும் மாற்றினேன். உயிர்க் கெளுத்தி என்று சந்தையில் எளிதாகக் கிடைப்பது பல நேரம் ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை வளர்ப்பதற்கு நம் நாட்டில் தடை இருக்கிறது. நீர்நிலைக்குள் புகுந்தால் மற்ற மீன்களைத் தின்று அழித்துவிடும். அதனால் விராலுக்குப் போனேன். தொட்டித் தண்ணீரில் உயிரோடு விற்பார்கள். கண் முன்னாலேயே சுத்தம் செய்து தருவார்கள். சதை வெள்ளையாக, நடு முள்ளிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். விலை கூடுதல்தான், ஆனால் ஆறு பேருக்கு 800 கிராம் மீனே போதும்.

நூடுல்ஸ் கதை

நான்காவது முறையில் என்னைக் கவிழ்த்தது நூடுல்ஸ். இடியாப்பம் பிழிந்து போட்டிருந்தேன். சூப்பை ஊற்றிய இரண்டாவது நிமிடத்தில் அது கரைந்து கஞ்சியாகிவிட்டது. கடையில் விற்கும் காய்ந்த அரிசி நூடுல்ஸ் கரையவில்லை, ஆனால் புளிப்பும் இல்லை, வழுக்கலும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ளத்தான் அதிக நாள் செலவழித்தேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். மொஹிங்காவுக்கான நூடுல்ஸை அங்கே அரிசியை ஊறவைத்துப் புளிக்கவிட்டுச் செய்கிறார்கள். புளித்த அரிசியை அரைத்து, நீரை வடித்து, உருண்டையாக்கிப் பாதி வேகவைத்து, பிசைந்து, கொதிக்கும் தண்ணீருக்குள் பிழிகிறார்கள். இடியாப்பத்தில் மாவு ஒரே ஒரு முறை, ஆவியில் வேகிறது. அதில் இழைகளுக்குள் பிடிப்பு குறைவு. மாவை முதலில் பாதி வேகவைத்துப் பிசையும்போது வெந்த மாவுச்சத்து பசைபோல மீதி மாவைக் கட்டுகிறது. பிழிந்து, வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் இழை இறுகி நிற்கும்.

இந்த முறை நமக்கு அந்நியமா என்று யோசித்தபோது சேவை நினைவுக்கு வந்தது. கொங்கு நாட்டுச் சந்தகையும் அப்படித்தான்: முதலில் வேகவைத்து, பிறகு நாழியில் பிழிகிறோம். ஆக நமக்குத் தெரிந்த சேவையோடு இரண்டு நாள் புளிப்பையும், கொதிநீரில் பிழியும் வேலையையும் சேர்த்தால் போதும்.

பழைய பச்சரிசி அரை கிலோ எடுத்தேன். புதிய அரிசி குழைந்து ஒட்டும். பழைய அரிசிதான் உதிரி உதிரியான இழை தரும். மண் சட்டியில் ஊறவைத்து, காலை மாலை தண்ணீர் மாற்றினேன். ஒருமுறை மே மாதத்தில் மூன்று நாள் விட்டுவிட்டேன். புளித்த வாசனை அழுகல் வாசனையாக மாறி, அவ்வளவையும் கொட்ட வேண்டியதாயிற்று. சென்னை வெயிலில் இரண்டு நாள்தான் கணக்கு. விரல்களுக்கிடையே அழுத்தினால் அரிசி நொறுங்க வேண்டும், தண்ணீர் பழைய சோற்று நீர்போல மணக்க வேண்டும். நைசாக அரைத்து, வேட்டித் துணியில் மூட்டை கட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் ஆரஞ்சு அளவு உருண்டைகள் பிடித்துக் கொதிநீரில் போட்டேன். வெளிப்பக்கம் விரல் பருமனுக்கு வெந்து, நடு பச்சையாக இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் பதினைந்து நிமிடம் பிசைந்தால் வெந்ததும் வேகாததும் ஒன்றாகி, சப்பாத்தி மாவைவிட மென்மையான, பளபளக்கும் மாவு வரும். முறுக்கு உழக்கில் சின்னக் கண் தட்டைப் போட்டு, கொதிக்கும் தண்ணீர் மேல் வட்டமாகப் பிழிந்தேன். இழைகள் அடியில் மூழ்கி, வெந்ததும் மேலே மிதந்து வந்தன. அள்ளிக் குளிர்ந்த நீரில் அலசி, கைப்பிடி கைப்பிடியாகச் சுருட்டி வாழை இலையில் வைத்தேன். ஒரு சுருளை எடுத்து வாயில் போட்டதும், அந்த நடைபாதைக் கடையில் உணர்ந்த அதே மெல்லிய புளிப்பு.

ஐந்தாவது முறை, முழு அளவோடு

ஆறு பேருக்கு 800 கிராம் விரால், தண்ணீர் இரண்டரை லிட்டர். எலுமிச்சைப் புல் நான்கு தண்டு. டீக்காக விற்கும் கட்டில் வெறும் இலைதான் வரும். நமக்கு வேண்டியது வேரை ஒட்டிய வெளுத்த அடித்தண்டு. நான் நர்சரியில் ஒரு நாற்று வாங்கி மொட்டை மாடித் தொட்டியில் வைத்தேன். ஆறு மாதத்தில் புதராகிவிட்டது. இரண்டு தண்டைக் கத்தியின் முதுகால் நசுக்கி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, நசுக்கிய இஞ்சியோடு மீனைச் சேர்த்து இருபது நிமிடம் வேகவைக்க வேண்டும். கவிச்சி போவது இந்தக் கட்டத்தில்தான். மீதி இரண்டு தண்டை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, 150 கிராம் சின்ன வெங்காயம், பன்னிரண்டு பல் பூண்டு, ஊறவைத்த வரமிளகாய் ஐந்து ஆகியவற்றோடு அம்மியில் அரைத்தேன். மிக்ஸியிலும் அரைக்கலாம், ஆனால் எலுமிச்சைப் புல் நார் அம்மியில்தான் அடங்குகிறது.

கடலை எண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி, மிதமான தீ. விழுது எண்ணெய் பிரியும்வரை வதங்க வேண்டும். அவசரப்பட்டால் பூண்டு வாடை நிற்கும். அதில் கூனிப்பொடி, பிறகு உதிர்த்த மீன். மீன் எண்ணெயைக் குடித்து மஞ்சளாகும்வரை கிளறி, வடிகட்டிய மீன் நீரில் சேர்க்க வேண்டும். கடலை மாவு மூன்று மேசைக்கரண்டியும் அரிசி மாவு இரண்டும் எண்ணெய் இல்லாமல் தனித்தனியே பொன்னிறமாக வறுத்து, ஆறவைத்து, குளிர்ந்த தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றினால் கட்டியும் இல்லை, பச்சை வாடையும் இல்லை.

வாழைத்தண்டு மோருக்குப் போகவில்லை. வில்லையாக நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டு, ஒரு குச்சியால் சுழற்றினால் நார் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். 150 கிராம் தண்டும், முழுதாக உரித்த சின்ன வெங்காயம் இருபதும் சேர்த்து, அடிக்கடி அடி கிளறி, ஒரு மணி நேரம் சிறு தீயில் விட வேண்டும். வெங்காயம் முழுதாக இருந்து உள்ளே குழைய வேண்டும். மிளகு கொஞ்சம், மீன் சாஸ், உப்பு பார்த்து.

சுரைக்காய் வடைக்கு விரல் நீளத் துண்டுகளை அரிசி மாவு கூடுதலாகவும் கடலை மாவு குறைவாகவும் கலந்த நீர்த்த மாவில் முக்கிப் பொரித்தேன். நம் பஜ்ஜி மாவு கெட்டி; சூப்பில் ஊறியதும் பஞ்சாகிவிடும். இந்த நீர்த்த மாவு கடைசிவரை மொறுமொறுப்பு விடவில்லை.

அன்று ஆயாவை ஆட்டோ வைத்து அழைத்து வந்தோம். அவர் நூடுல்ஸை முதலில் முகர்ந்து பார்த்தார். சூப்பைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்து, கரண்டியின் முதுகில் அது எப்படிப் படிகிறது என்று பார்த்தார். எலுமிச்சையைப் பிழிந்து, வடையைக் கையால் நொறுக்கிப் போட்டு, எதுவும் பேசாமல் முடித்தார். பிறகு கிண்ணத்தை நீட்டி, "மிளகாய் இன்னும் கொஞ்சம் கருக வறுக்க வேண்டும். சூப் சரி. கூனி சரி. ஙப்பி இல்லாதது எனக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியாது. இன்னும் ஒன்று கொடு" என்றார்.

கிளம்பும்போது தூக்குவாளியில் சூப் கேட்டார், அவர் தங்கைக்கு. நூடுல்ஸைச் சூப்போடு சேர்க்காமல் தனியாக வாழை இலையில் கட்டச் சொன்னார். சூப் ஆறினால் இறுகும், சூடாக்கும்போது அரை டம்ளர் வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டு, மூடியை அழுத்தி மூடிக் கையில் கொடுத்தேன்.